இடையில் நின்ற மாணவனையும் எண்ணிய ஆசிரியர்
(மைக்கேல் வெஸ்ட் வரலாறு)

பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் நாடாண்டவரையோ, நாட்டுக்கு உழைத்தவரையோ, பாப் புனைந்தவரையோ தேர்ந்துகொள்வர். நம் சங்கத்து ஆண்டு மலர்களிலும் அத்தகைய வரலாறுகளே மிகுதி. இம்முறை யாம் ஓர் ஆங்கில ஆசிரியரின் வரலாற்றை எழுத முற்படுகிறோம். அவர் தமிழரல்லர், இந்தியருமல்லர். எனினும், நாம் பிழைப்பு நாடி வந்து குடியேறிய இவ் வங்க நாட்டில், அது பிரிவுபடாதிருந்த காலத்தில், அவர் பணியாற்றினார். இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளைக் கண்டு அவர் கண்டறிந்த உண்மை, உலகெங்கும் பிறமொழி கற்பிக்கும் முறையையே மாற்றிற்று. அவர்தாம் மைக்கேல் வெஸ்ட். 1888-ல் பிறந்து 1973-ல் மறைந்த அன்னாரை ஆங்கிலம் கற்பிக்கும் தொழிலிற் பயின்றோர் நன்கறிவர். ஏனையோர் பெயரை அறியாவிடினும், அவர் உழைப்பின் பயனைத் தம் பிள்ளைகளின் புத்தகப் பையில் வைத்திருப்பர்.

அவர் கண்ட வங்கம்

ஆக்ஸ்போர்டிற் கற்ற வெஸ்ட், 1912-ல் இந்தியக் கல்விப் பணியிற் சேர்ந்து வங்காளத்துக்கு வந்தார். அக்காலத்துக் கல்வி நிலையை ஒருவாறு அறிந்தாலன்றி அவர் செய்த தொண்டின் அருமை விளங்காது.

1835-ல் ஆங்கிலக் கல்விக்கே அரசுப் பணம் செலவிடப்பட வேண்டும் என்று பெண்டிங்கு பிரபு காலத்தில் முடிவாயிற்று. 1857-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் புகுமுகத் தேர்வே, பின்னர் மெட்ரிகுலேஷன் என்ற பெயருடன், பள்ளிகள் அனைத்தையும் ஆட்டிப் படைக்கும் சூத்திரக் கயிறாயிற்று. உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளில் வரலாறும் கணக்கும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டன. தேர்வில் தேறினால் கல்லூரி. இல்லையேல் எழுத்தர் வேலை. அதுவும் வாய்க்காவிடில் வெறுங்கை. எனவே, கீழ்வகுப்பில் அரிச்சுவடி எடுத்த நாள் முதலாகவே அத்தேர்வை நோக்கிப் பாடம் நடந்தது.

அப்பாடம் நடந்த விதமும் நினைக்கத் தக்கது. ஆங்கில நாட்டுப் பிள்ளைகளை எண்ணி எழுதப்பட்ட வாசகங்கள். அவற்றில் வரிக்கு வரி புதுச்சொற்கள். அச்சொற்களிலும் பல செய்யுளில் மட்டுமே வழங்குபவை. ஒரு மாணவன் எழுந்து உரக்கப் படிப்பான். மற்றையோர் விரலை வரியில் வைத்துக் காத்திருப்பர். ஆசிரியர் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்வார். நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் நாற்பது நிமிடப் பாடம் நடந்தால், ஆசிரியர் வாய் திறவாதிருந்தாலும் ஒருவனுக்குக் கிடைப்பது ஒரு நிமிடமே. அவரும் பேசுவாராயின் அதிலும் பாதி போய்விடும். இக்கணக்கை அறிய உளநூற் புலமை வேண்டுவதில்லை. எனினும் இதனை எண்ணிப் பார்த்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே.

டாக்காவில் ஆய்வு

வெஸ்ட் 1920-ல் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவரானார். 1932 வரை அப்பொறுப்பில் இருந்தார். அவர் பொறுப்பேற்ற மறு ஆண்டில், 1921-ல், டாக்காப் பல்கலைக்கழகம் தோன்றியது. பள்ளிகளை மேற்பார்வையிடும் பணியையும் அவர் செய்தவராதலின், நகரத்துப் பள்ளிகளோடு ஆற்றங்கரைச் சிற்றூர்ப் பள்ளிகளையும் அவர் கண்கள் கண்டன.

அங்கே அவர் கண்டது யாது? பள்ளியிற் சேர்ந்தோரிற் பெரும்பாலோர் இறுதித் தேர்வு வரை வரவில்லை. உழவன் மகன் அறுவடைக்கு நின்றான். நெசவாளன் மகன் தறிக்கு நின்றான். தந்தையை இழந்தவன் கூலிக்கு நின்றான். வகுப்பு ஏற ஏறப் பெஞ்சுகள் வெறுமையாயின. ஆனால் பாடத்திட்டமோ இறுதிவரை வந்து சேரும் சிலருக்காகவே வகுக்கப்பட்டிருந்தது. முதலாண்டில் எழுத்து, அடுத்து இலக்கணத்தின் அடிப்படை, பின்னர் மொழிபெயர்ப்பு, முடிவில் நூல் நயம் என்று, கட்டடத்துக்கு அடித்தளம் இடுவதுபோல அது அமைந்திருந்தது. அடித்தளம் மட்டும் இட்ட நிலையில் நின்றுபோன வீட்டில் குடியிருப்பவர் யார்?

வெஸ்ட் இந்த உண்மையை விளக்க இன்ஷூரன்ஸ் துறையிலிருந்து ஓர் உவமையை எடுத்தார். மாதந்தோறும் சம்பளத்திற் பிரீமியம் பிடிக்கப்படும் நம்மவர்க்கு அது எளிதில் விளங்கும். இருபது ஆண்டுப் பாலிசி எடுத்த ஒருவர், ஆறாம் ஆண்டில் முடையால் அதனை ஒப்படைத்துவிட நேர்ந்தால், அதுவரை கட்டியதற்கு ஈடாக ஒரு தொகை கிடைக்கும். அதனைச் சரண்டர் மதிப்பு என்பர். பள்ளிப் பாடத்துக்கும் இத்தகைய சரண்டர் மதிப்பு உண்டு என்றார் வெஸ்ட். ஒரு பாடத்தை முற்ற முடிக்காது இடையில் நின்றுவிடும் மாணவன், தான் கற்ற அளவுக்கு ஏற்ற பயனை எடுத்துச் செல்கின்றானா என்பதே அவர் எழுப்பிய வினா. இரண்டாண்டு ஆங்கிலம் கற்று நின்றவனிடம் வினைச்சொல் வாய்பாட்டிற் பாதியும், மனப்பாடம் செய்த நான்கு வரிச் செய்யுளும் மட்டும் எஞ்சுமாயின், அவன் கட்டிய பிரீமியம் அனைத்தும் பாழ். அதனை அவன் மட்டுமா இழந்தான்? பசியைப் பொறுத்துக்கொண்டு அவனைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரும் இழந்தனர்.

படிப்பே முதற்பயன்

அவ்வாறாயின் மொழித்திறன் பலவற்றுள் எது விரைவில் பயன் தரும்? கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்னும் நான்கனுள் படித்தலே அது என்று வெஸ்ட் முடிவு செய்தார். அம்முடிவுக்கு அவர் கொண்ட காரணங்கள் தெளிவானவை. ஊர்ப்புறத்துச் சிறுவனுக்கு ஆங்கிலத்திற் பேச ஆள் இல்லை. பேசப் பழகினாலும் சில திங்களில் மறந்துவிடும். பிழையின்றி எழுதப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். படித்தலோ அத்தகையதன்று. ஐந்நூறு சொல் அறிந்தவன் ஐந்நூறு சொல்லில் எழுதிய கதையைப் படிக்கலாம். ஆயிரம் அறிந்தவன் அதனினும் பெரிய நூலைப் படிக்கலாம். எப்படியில் நின்றாலும் அப்படிக்குரிய பயன் கையில் இருக்கும். ஆசிரியரை விட்டு நீங்கிய பின்னும் தானே படித்து மேலேறவும் வழியுண்டு.

மற்றொரு காரணமும் உண்டு. வங்க மொழி பாட்டுக்கும் கதைக்கும் குறைவில்லாத மொழி. ஆயினும், அக்காலத்தில் அறிவியலும் தொழிலும் பற்றிய நூல்கள் அம்மொழியில் மிகச் சிலவே இருந்தன. எனவே தாய்மொழியோடு அறிவுக்குரிய வாயிலாக இன்னொரு மொழியும் வேண்டியிருந்தது. ஆனால் அவ்வாயில் வழியே செல்லத் தெரிந்தாற் போதும்; அங்கேயே குடியிருக்க வேண்டுவதில்லை. இக்கருத்துகளையெல்லாம் தொகுத்து, வங்காளத்தைச் சிறப்பாகக் கொண்டு இருமொழிக் கல்வியைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1926-ல் இந்திய அரசின் கல்வித்துறை வெளியீடாக வந்தது.

புது முறை வாசகங்கள்

நூல் எழுதியதோடு அவர் நின்றாரல்லர். பழைய வாசகங்களின் குறை யாது என்று சொற்களை எண்ணியே கண்டார். புதுச்சொற்கள் அளவுக்கு மீறி நெருங்கி வந்தமையால் மாணவன் வரிதோறும் தடுக்கி விழுந்தான். ஒருமுறை வந்த சொல் மீண்டும் வாராமையால் அதனை மறந்தான். அமெரிக்க அறிஞர் தார்ண்டைக் 1921-ல் வெளியிட்ட சொற்பட்டியல், எச்சொல் எத்துணை மிகுதியாக வழங்குகிறது என்று காட்டிற்று. அதனைத் துணையாகக் கொண்டு, மிகுதியாக வழங்கும் சொற்களையே வெஸ்ட் முதலில் வைத்தார். தீவுக்குச் செய்யுள் வழக்கான ஐல் என்பதை நீக்கி ஐலண்ட் என்னும் பொது வழக்கை இடுவதே அவர் நெறி. ஏறக்குறைய ஐம்பது சொல் ஓடிய பின்னரே ஒரு புதுச்சொல் வரும். வந்த சொல் உடனே பன்முறை மீண்டு வரும். பின்வரும் பாடங்களிலும் தலைகாட்டும். இவ்வாறு உருவானவையே லாங்மன்ஸ் வெளியிட்ட புது முறை வாசகங்கள். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் பள்ளிகளில் அவை இடம்பெற்றன.

படிக்கும் முறையையும் அவர் மாற்றினார். உரக்கப் படித்தலைக் குறைத்து, ஒவ்வொருவனும் மனத்துள் படிக்கச் செய்தார். பாடத்துக்குப் பின்னர் வினாத் தொடுப்பது உலக வழக்கு. வெஸ்ட் வினாக்களை முன்னே வைத்தார். விடையைத் தேடும் மாணவன் பக்கத்தின்மீது கண்ணை வெறுமனே ஓட்டான். பொருளை நாடியே படிப்பான். வேட்டைக்குச் செல்பவனுக்கும் வெறுமனே காட்டில் உலவுபவனுக்கும் உள்ள வேறுபாடு இது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் நாற்பது பேரும் ஒரே வேளையில் உழைப்பர். ஒருவனுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு அங்கே பொய்த்துப்போம்.

கடல் கடந்த பின்

1932-ல் இந்தியாவை விட்டு நீங்கிய வெஸ்ட், அடுத்துக் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். ஆக்டன் என்பார் 850 சொற்களிலேயே உலகப் பொதுமொழி ஒன்றை அமைக்கலாம் என்று 1930-ல் எழுப்பிய கொள்கையை, அவர் 1934-ல் ஆராய்ந்து மறுத்தார். சொற்களை மிகக் குறைத்தால், உள்ள சொல்லையே பல பொருளில் திரித்து வழங்க நேரும். அது கற்பவனுக்குச் சுமையேயன்றி எளிமையன்று என்பது அவர் கருத்து.

1935-ல், சீனத்திற் சமயப் பணியாற்றிய எண்டிகாட் என்பாருடன் கூடி, பிறமொழியாளர்க்கென ஓர் ஆங்கில அகராதியை வெளியிட்டார். ஏறத்தாழ 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் 1,490 சொற்களுக்குள்ளேயே பொருள் எழுதப்பட்டது. அகராதியில் ஒரு சொல்லைத் தேடினால் அதனினும் கடிய மூன்று சொற்கள் எதிர்ப்படுவது கற்போர் அனைவரும் அறிந்த துன்பம். அதற்கு மருந்து கண்டது இவ்வகராதி.

சொற்களைத் தேர்ந்தெடுக்கும் நெறியை ஆராய 1934-ல் நியூயார்க்கிலும் மறு ஆண்டு லண்டனிலும் அறிஞர் கூடினர். ஜப்பானியப் பள்ளிகளின் ஆங்கிலக் கல்விக்குப் பன்னீராண்டாக உழைத்து வந்த ஹெரால்டு பாமர், மேற்சொன்ன தார்ண்டைக் ஆகியோரோடு வெஸ்டும் அவையில் இருந்தார். 1936-ல் அவர்தம் அறிக்கை வந்தது. அவ்வுழைப்பு முதிர்ந்து, 1953-ல் வெஸ்ட் பதிப்பித்த பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலாகக் கனிந்தது. அதில் தலைச்சொற்கள் ஏறத்தாழ 2,000. ஐம்பது லட்சம் சொற்கள் அடங்கிய எழுத்துகளை எண்ணி, ஒவ்வொரு சொல்லும் எப்பொருளில் எத்துணை விழுக்காடு வழங்குகிறது என்பதும் அதிற் காட்டப்பட்டது.

1960-ல், எழுபது வயதைக் கடந்த நிலையில், இடர் மிகுந்த சூழலில் ஆங்கிலம் கற்பித்தலைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நெருக்கியடித்து அமர்ந்த பிள்ளைகள், வெப்பம், போதிய புத்தகமின்மை, தாமே ஆங்கிலம் சரளமாகப் பேசவியலா ஆசிரியர் ஆகியவற்றைக் குறையென்று தள்ளாது, உள்ள நிலையாகவே ஏற்று வழி கூறும் நூல் அது. வங்கத்தை விட்டு இருபத்தெட்டாண்டு கழிந்தும் அவ்வகுப்பறைகளை அவர் மறந்தாரல்லர் என்பதற்கு இந்நூலே சான்று.

குறையும் நிறையும்

வெஸ்டின் கொள்கையை எல்லாரும் ஒப்பினாரல்லர். பேச்சே மொழியின் உயிர். வாய்மொழிப் பயிற்சியின்றிப் படிப்பு நிலைபெறாது என்பது பாமர் முதலியோர் கொள்கை. வேலைக்குச் செல்வோர்க்கு எழுதவும் பேசவும் தெரிந்தாக வேண்டும் என்றாரும் உளர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. பிற்காலத்தில் வெஸ்டும் பேச்சுக்கு வேண்டிய சொற்களை ஏறத்தாழ 1,200 என வரையறுத்து ஒரு பட்டியல் அமைத்தார். மேலும், அவர் அயலார் ஆட்சியின் அலுவலர். அறிவுக்குரிய வாயில் ஆங்கிலமாகவே இருத்தல் வேண்டுமா, தாய்மொழியிலேயே அந்நூல்களை ஆக்கிக் கொள்ளலாகாதா என்ற வினாவை அவரினும் நம் நாட்டுப் பெரியோரே வலிமையாக எழுப்பினர்.

எனினும், அவர் எழுப்பிய தலையாய வினா இன்னும் விடையிறுக்கப்படாமலே நிற்கிறது. இறுதித் தேர்வு என்பது இறுதிவரை வந்தவனை மட்டுமே அளக்கும் கோல். நூறு பேர் ஏறிய வண்டியில் கடைசி நிலையத்தில் இறங்கிய இருபது பேரின் சீட்டை மட்டும் சோதித்துவிட்டு, வண்டி நன்றாக ஓடிற்று என்று குறிப்பெழுதலாமா? இடை நிலையங்களில் இறங்கிய எண்பது பேரும் பயணிகளே அல்லரோ? அவர்கள் எங்கே இறங்கினர், கையில் என்ன கொண்டு இறங்கினர் என்று கணக்கெடுப்பதே மெய்யான சோதனை. அவ்வாறு அளப்பதாயின், படித்த பாடத்தில் வினாக் கேட்பது பயனில்லை. இதுவரை காணாத ஒரு பக்கத்தைக் கொடுத்து, இதன் பொருள் யாது என்று கேட்டல் வேண்டும். 2005 முதல் நம் நாட்டுச் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று, பிள்ளைகளைத் தனித்தனியே ஒரு சிறு பத்தி படிக்கச் செய்து பார்க்கும் ஆசர் கணக்கெடுப்பு நடந்துள்ளது. பள்ளிக்கு வருபவனோ வராதவனோ, பிள்ளைக்குப் படிக்க வருகிறதா என்று பார்ப்பது அது. வெஸ்ட் இருந்திருப்பின் இதனைக் கண்டு மகிழ்ந்திருப்பார் என்றே யாம் கருதுகிறோம்.

அவர் விதைத்தவை பிறவும் முளைத்துள்ளன. 1978-ல் வந்த லாங்மன் அகராதி, ஏறத்தாழ 2,000 சொற்களிலேயே எல்லாச் சொற்களுக்கும் பொருள் கூறியது. அதற்கு அடிப்படை வெஸ்டின் பட்டியலே. அப்பட்டியல் வந்து அறுபதாண்டு நிறைந்த 2013-ல், அதனைப் புதுக்கி அறிஞர் மூவர் புதிய பட்டியல் ஒன்றை வெளியிட்டனர்.

நமக்கு ஒரு பாடம்

ஆங்கிலம் கற்பித்த ஒருவர் வரலாற்றைத் தமிழ்ச் சங்க மலரில் எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வெஸ்ட் கண்ட உண்மை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. தாயகத்துக்கு அப்பால் வாழும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தே ஒரு பிறமொழி எழுத்துப் போல் ஆகிவருகிறது. அதனால்தான் சங்கங்கள் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துகின்றன. அவ்வகுப்புகளில் சேரும் பிள்ளைகளின் நிலையும் டாக்காப் பள்ளிப் பிள்ளைகளின் நிலையே. தந்தைக்கு மாற்றல் வந்தால் பிள்ளை நின்றுவிடும். பள்ளித் தேர்வு நெருங்கினால் நின்றுவிடும். நாமோ 247 எழுத்துகளையும் வரிசையாக எழுதி முடித்த பின்னரே சொல், சொல் முடிந்த பின்னரே வாக்கியம் என்று கற்பிக்கின்றோம். ககர வரிசையிலும் ஙகர வரிசையிலும் மூன்று திங்களைக் கழித்து, நான்காம் திங்களில் வேறு ஊருக்குப் போய்விட்ட பிள்ளை கொண்டு செல்லும் தமிழ் யாது?

வெஸ்டின் வழியைப் பின்பற்றினால், மிகுதியாக வழங்கும் எழுத்துகளையும் சொற்களையும் முதலில் எடுத்து, அவற்றாலேயே ஆன சிறு கதையை முதல் திங்களிலேயே பிள்ளையின் கையிற் கொடுக்கலாம். மூன்று திங்களில் நிற்பவன் ஊரிலிருந்து பாட்டி எழுதும் இரு வரியைப் படிக்க வல்லனாதல் வேண்டும். ஓராண்டில் நிற்பவன் ஒரு சிறு நூலைத் தானே படித்து முடிக்க வல்லனாதல் வேண்டும். ஆண்டு விழா மேடையில் பிள்ளைகள் பாட்டை ஒப்பிப்பது கேட்க இனிது; அது நடக்கட்டும். அதனோடு, முன்பின் கண்டிராத ஒரு பக்கத்தைப் படித்துப் பொருள் சொல்லும் போட்டி ஒன்றையும் நம் சங்கம் வரும் ஆண்டு முதல் சேர்த்துக்கொள்ளல் நலம். வகுப்பிலிருந்து இடையில் நின்ற பிள்ளைகளையும் அப்போட்டிக்கு அழைத்தல் வேண்டும் என்று செயற்குழுவினரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.